பாதி வழியில் ஒரு தோட்டம்

"நாளைக்கு ஆத்தைத் தொட்டிட்டு வாறம்" என்று வீட்டு வட்ஸ்அப் குழுவில் முதல்நாள் இரவே எழுதிவிட்டோம். எங்களுடைய முதல் பிழை அதுதான்.

2023 மே மாதம். ஒரு செமஸ்டர் பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்குப் போயிருந்தோம். நாங்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் கலைப்பீடம். ஒருத்திக்கு ஊர் மயிலிட்டி, மற்றவளுக்கு மட்டக்களப்பு. படிப்பு முடிந்து ஊர் திரும்ப ஒன்பது நாள்தான் மிச்சம். நாங்கள் இருந்த ஃபிளாக்ஸ்டாஃப் நகரத்திலிருந்து கிராண்ட் கன்யன் தேசியப் பூங்கா ஏறத்தாழ 130 கிலோமீற்றர். "இவ்வளவு கிட்ட இருந்திட்டுப் பாக்காமப் போனா ஊரில ஆரும் நம்பமாட்டினம்" என்றாள் ஒருத்தி. வகுப்புத் தோழி ஒருத்தியிடம் கார் இருந்தது. எங்களைப் போலவே பரிமாற்றத்தில் வந்திருந்த நேபாளத் தோழியும் சேர, நாலு பேரானோம். ஒரு வாகனத்துக்கு 35 டொலர் நுழைவுக் கட்டணம். நாலாகப் பிரித்தால் பெரிய காசில்லை.

இரவு மூன்று மணிக்கு வெளிக்கிட்டு, விடியும் நேரத்துக்குத் தெற்கு விளிம்பில் நின்றோம். 446 கிலோமீற்றர் நீளம், சில இடங்களில் 29 கிலோமீற்றர் அகலம் என்று படித்துவிட்டுப் போனோம். ஆனால் மேலே நின்று பார்க்கும்போது அது எங்கள் கணினித் திரையில் இருந்த படம் மாதிரியேதான் தெரிந்தது. தூரம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு என்று கண்ணால் பிடிக்க ஏலாது. ஆளுக்கு நாற்பது படம் எடுத்தோம். எல்லாம் ஒரே படம்.

பாதையில் கால் வைத்த பிறகுதான் அது ஒரு இடம் என்று விளங்கத் தொடங்கியது.

நாங்கள் இறங்கியது பிரைட் ஏஞ்சல் பாதை. அது தொடங்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,090 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, எங்கள் நுவரெலியாவை விட உயரம். அங்கிருந்து ஆற்றுக்கு 1,300 மீற்றருக்கு மேல் இறங்க வேண்டும். சிவனொளிபாதமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும்: முதலில் ஏறுவோம், மூச்சு வாங்கும், ஏலாது என்றால் பாதியில் இருந்துவிட்டுத் திரும்பலாம். திரும்புவது இறக்கம். இங்கே எல்லாம் தலைகீழ். முதலில் இறக்கம், காலைக் குளிர், உடம்பில் முழுப் பலம். இறங்குகிறோம், இறங்குகிறோம், ஒன்றும் வலிக்கவில்லை. கணக்கு முடிக்கிற நேரம் பின்னேரம்தான் வரும். இறங்க எடுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் ஏறுவதற்கு வேண்டும் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. ஒரே நாளில் ஆறு வரை போய்த் திரும்ப முயற்சிக்க வேண்டாம் என்று எச்சரிக்கைப் பலகைகளும் இருக்கின்றன. நாங்கள் அவற்றுக்குப் பக்கத்தில் நின்றும் படம் எடுத்தோம்.

பாதை சுவரைக் கீறிக் கீறி வளைந்து இறங்குகிறது. மேலே இருக்கும் முதல் அடுக்கு சுண்ணாம்புக்கல், ஏறத்தாழ 27 கோடி வருடங்களுக்கு முந்தின கடலின் அடித்தளம். மயிலிட்டிக்காரி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கட கிணத்துக் கல்லு மாதிரி இருக்கடி" என்றாள். யாழ்ப்பாணத்துக் கல்லும் கடல் விட்டுப்போன சுண்ணாம்புதான், ஆனால் இதற்கு முன்னால் அது பச்சைக் குழந்தை. கீழே போகப் போகக் கல்லின் நிறம் மாறும். வெள்ளை மணற்கல், பிறகு சிவப்பு, பிறகு செங்குத்தான பெரிய சிவப்புச் சுவர். அடியில் ஆற்றங்கரையில் இருக்கும் கறுத்தக் கல்லுக்கு 170 கோடி வருடத்துக்கு மேல். ஒரு காலடிக்கு எத்தனை ஆயிரம் வருடம் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கி, மூன்றாவது வளைவிலேயே விட்டுவிட்டோம். நாங்கள் கலைப்பீடம்.

இடையில் கோவேறு கழுதைகள் வரிசையாக வந்தன. அவை வரும்போது நடக்கிறவர்கள் சுவர்ப் பக்கமாக ஒதுங்கி அசையாமல் நிற்க வேண்டும். நின்றோம். கழுதைகள் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒன்றரை மைல் தங்குமிடம், மூன்று மைல் தங்குமிடம் இரண்டையும் தாண்டினோம். தண்ணீர்க் குழாய் இருந்த இடமெல்லாம் போத்தலை நிரப்பினோம். "ஆறு மட்டும் போயிடுவம் போல கிடக்கு" என்று நேபாளத் தோழிக்கு ஆங்கிலத்தில் சொன்னோம். மலைநாட்டுப் பிள்ளை, சிரித்துவிட்டுப் பேசாமல் நடந்தாள். அவளுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

கார்க்காரத் தோழியிடம் அவளுடைய அப்பாவின் பழைய வழிகாட்டிப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் பாதி வழியில், விளிம்பிலிருந்து 7 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தில், 'இந்தியன் கார்டன்' என்று ஒரு இடம் குறிக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நாலு மாதமாக, கடையில், பஸ்ஸில், வகுப்பில், "இந்தியாவா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "இல்லை, இலங்கை", "இல்லை, நேபாளம்" என்று சொல்லிச் சொல்லிக் களைத்திருந்தோம். "என்னகா, கடைசியா நமக்கெண்டு ஒரு தோட்டம் வெச்சிருக்கானுகள்" என்றாள் மட்டக்களப்புக்காரி.

காலை ஒன்பது மணிக்குக் கிட்ட அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டரை மணித்தியாலத்துக்கு மேலாகக் கல்லையும் முட்செடியையும் பார்த்து வந்த கண்ணுக்கு முன்னால் திடீரென்று பச்சை. பெரிய பெரிய மரங்கள். அவற்றை அங்கே கொட்டன்வுட் என்கிறார்கள். இலை பூவரசு மாதிரி, காற்றுக்கு அரச இலை மாதிரி நடுங்குகிறது. பக்கத்தில் ஒரு சிற்றோடை. அந்தப் பாலைவனத்தின் நடுவில் தண்ணீர் ஓடுகிற சத்தம்.

அங்கே இருந்த பெயர்ப்பலகையில் இருந்தது வேறு பெயர். ஹவாசுபாய் கார்டன்ஸ்.

வழி தவறிவிட்டோமா என்று புத்தகத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தோம். அங்கே நின்ற ரேஞ்சர் ஒருவர் எங்களிடம் வந்தார். நாங்கள் பெயரைப் பற்றிக் கேட்க, அவர் முதலில் எங்களைப் பற்றிக் கேட்டார். எங்கே போகிறீர்கள்? ஆற்றுக்கு. பிறகு? மேலே. இன்றைக்கேயா? ஓம். என்ன சாப்பிட்டீர்கள்? எத்தனை மணிக்குத் திரும்பி இதே இடத்துக்கு வருவீர்கள்? அந்தக் கடைசிக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. ஆறு இன்னும் 5 கிலோமீற்றர் கீழே. போய் வந்தால் நடுப்பகல். மே மாதத்தில் ஆற்றங்கரையில் சராசரியாக 33 பாகை வெக்கை, கல்லின் சூடு தனி. காலை பத்து மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் இடையில் நடக்காமல் நிழலில் இருப்பது நல்லது என்றார். போக வேண்டாம் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. முடிவு உங்களுடையது என்றார்.

எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். "வந்தது வந்தாச்சு, போவம்." "எப்பிடி ஏறுவாய்?" "வீட்டில சொல்லிட்டமெல்லோ." உண்மையில் அந்த நேரத்தில் எங்கள் நாலு பேருக்கும் காலில் ஒரு நோவும் இல்லை. அதுதான் கஷ்டம். களைத்துப்போய்த் திரும்புவது லேசு. நல்ல பலத்தோடு நிற்கும்போது திரும்புவது, தோற்ற மாதிரி இருக்கிறது. கடைசியில் நேபாளத் தோழி மரத்தடியில் தோள்ப்பையை வைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி, "நான் இங்கேதான்" என்று இருந்துவிட்டாள். அவளை விட்டுவிட்டுப் போக ஏலாது என்று சொல்லி நாங்களும் இருந்தோம். மானம் போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது.

அப்படித்தான் எல்லோரும் தண்ணீர் நிரப்பிவிட்டுக் கடந்துபோகிற இடத்தில் நாங்கள் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் இருக்க வேண்டி வந்தது.

ரேஞ்சர் பிறகு வந்து பெயரின் கதையைச் சொன்னார். மிச்சத்தை ஊருக்கு வந்த பிறகு தேடி வாசித்தோம். ஹவாசுபாய் என்றால் நீலப்பச்சைத் தண்ணீரின் மக்கள் என்று அர்த்தம். கோடையில் பள்ளத்தாக்குக்குள் சோளம், அவரை, பூசணி போடுவார்கள். மாரியில் மேலே சமவெளிக்குப் போய் வேட்டையாடுவார்கள். இந்த ஓடைக்கரையும் அவர்கள் தோட்டம் செய்த இடம். நாங்கள் இறங்கி வந்த பாதையே முதலில் அவர்களுடைய பாதைதான். பிறகு ரால்ஃப் கமரோன் என்பவர் அதைத் திருத்திப் பெருப்பித்து, போகிறவர்களிடம் ஒரு டொலர் வரி வாங்கினார். 1903இல் இங்கு வந்த ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், இந்தப் பள்ளத்தாக்கை இருக்கிறபடியே விட்டுவிடுங்கள் என்று பேசியதைப் பூங்காவின் வரலாறு சொல்கிறவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். 1919இல் இது தேசியப் பூங்காவாகிறது. இருக்கிறபடியே விட வேண்டியவற்றுக்குள் இங்கே தோட்டம் செய்த சனம் சேர்த்தியில்லை. 1920களின் பிற்பகுதிக்குள் இங்கே கடைசியாக இருந்தவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். அதற்கு முன்பே, 1882இல், அந்த மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது ஒரு பக்கப் பள்ளத்தாக்கில் 518 ஏக்கர். 1975இல்தான் ஒரு சட்டத்தின் மூலம் 185,000 ஏக்கர் அளவு நிலம் திரும்பக் கிடைத்தது. இந்தத் தோட்டம் அதற்குள் இல்லை. அவர்களுடைய சூப்பாய் கிராமத்துக்கு இன்றும் றோட் இல்லை, கடிதம் கோவேறு கழுதையில் போகிறது.

'இந்தியன் கார்டன்' என்ற பெயர் 2022 நவம்பரில்தான் மாறியது. அந்த மக்கள் கேட்டு மாறியது. நாங்கள் போனது அதற்கு ஆறு மாதம் கழித்து. எங்கள் தோழியின் அப்பாவின் புத்தகத்துக்கு அது தெரிய நியாயமில்லை.

காலையில் நாங்கள் சிரித்த பகிடி அந்த மரத்தடியில் வேறு மாதிரி இருந்தது. திசை பிழைத்து வந்த ஒருவர் வைத்த பெயரை ஐந்நூறு வருடமாகச் சுமக்கிறவர்களின் தோட்டத்தில் இருந்துகொண்டு, எங்களை இந்தியர் என்று சொல்கிறார்கள் என்று நாங்கள் நாலு மாதம் கோபப்பட்டதை நினைத்தோம்.

மயிலிட்டிக்காரி நெடுநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. அவளுடைய அம்மம்மா 1990 யூனில் ஊரை விட்டு வெளிக்கிட்டவர். இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தவர். 2017இல் மயிலிட்டியில் ஒரு பகுதியை விட்டபோது, 27 வருடம் கழித்துப் போய்ப் பார்த்தார். வீடு இல்லை, வேலி இல்லை, எல்லையும் தெரியவில்லை. கிணறு இருந்தது. கிணற்றை வைத்துத்தான் "இது அடுப்படி, இது சாமியறை" என்று பேத்திக்குக் காட்டினார். அந்தப் பக்கத்தில் இன்னும் விடப்படாத காணிகள் இருக்கின்றன. இந்த மரத்தடியில் இருக்கும்போது அவளுக்கு ஞாபகம் வந்தது அந்தக் கிணற்றடி.

ஆனால் அவள் சொன்னது அதையில்லை. "சண்டை முடிஞ்ச புதுசில பஸ் பஸ்ஸா சனம் யாழ்ப்பாணம் பாக்க வந்தது ஞாபகமிருக்கோடி? உடைஞ்ச வீட்டுக்கு முன்னால நிண்டு படம் எடுத்திட்டுப் போவினம். அம்மா பல்லைக் கடிச்சுக்கொண்டு நிப்பா. இண்டைக்கு நாங்கள்தான் அந்த பஸ்."

எங்களுக்குள் இரண்டாவது வாக்குவாதம் அங்கேதான் நடந்தது, முதலாவதை விடக் கூடிய நேரம். மட்டக்களப்புக்காரி விடவில்லை. "அப்ப வரவே கூடாதாகா? வராம இருந்திருந்தா இந்தப் பேரே நமக்குத் தெரியாதே. ஊரில அந்த பஸ்ஸில வந்த ஆக்களும் ஒரு ஆளாவது இறங்கி, இது ஆற்ற வீடு எண்டு கேட்டிருந்தா, உன்ட அம்மா சொல்லியிருப்பாதானே?" "கேக்கேல்லையே." "அதத்தான் சொல்லுறன்." இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது என்றும் கதைத்தோம். அங்கே நடந்தது நூற்றாண்டுகள் நீண்ட குடியேற்றத்தின் கதை, எங்களுடையது வேறு யுத்தம், வேறு அரசியல். இடம்பெயர்ந்தவர் எல்லோருக்கும் ஒரே கதை என்று சொன்னால் ஒருவருடைய கதையையும் கேட்கத் தேவையில்லாமல் போய்விடும். இதில் யார் சரி என்று நாங்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஆனால் மேலே ஏறின பிறகு போடுவதற்கென்று முதல்நாளே யோசித்து வைத்திருந்த 'மனிதக் கை படாத இயற்கை' என்ற வரியை அங்கேயே அழித்தோம். எங்களுக்கு நிழல் தந்த அந்த ஓடைக்கரை பல தலைமுறை மனிதர்கள் பயிர் செய்த நிலம்.

பின்னேரம் மூன்றரைக்கு ஏறத் தொடங்கினோம். சிவப்புச் சுவரில் 'ஜேக்கப்ஸ் லடர்' என்று ஒரு பகுதி இருக்கிறது, வளைவுக்கு மேல் வளைவு. காலையில் கதைத்துக்கொண்டு இறங்கின இடம். இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மூன்று மைல் தங்குமிடத்துக்குக் கிட்ட, எங்களில் ஒருத்தி கல்லில் இருந்துவிட்டாள். தலையிடி, சத்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றாள். கை குளிர்ந்திருந்தது. நாங்கள் பதறிப்போய், "தண்ணி குடி, தண்ணி குடி" என்று போத்தலை நீட்டினோம். நாள் முழுக்க அதைத்தான் செய்திருந்தோம். பாலைவனம் என்றால் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்த பாடம்.

அந்த வழியால் வந்த பாதுகாப்புத் தொண்டர் ஒருவர் போத்தலை மெதுவாக விலக்கினார். எவ்வளவு தண்ணீர் குடித்தாள் என்று கேட்டார். நிறைய என்றோம். என்ன சாப்பிட்டாள்? காலையில் ஒரு வாழைப்பழம். நடக்கும்போது பசிக்கவில்லை என்று அவள் ஒன்றும் தொடவில்லை. வியர்வையோடு உப்பும் போகும், உப்பில்லாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் இரத்தத்தில் இருக்கிற உப்பும் குறைந்து ஆபத்தாகிவிடும், இந்தப் பள்ளத்தாக்கில் அப்படி விழுந்தவர்கள் நிறையப் பேர் என்று விளக்கினார். உப்பாக ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

தோள்ப்பையின் அடியில், ஊரிலிருந்து கொண்டு வந்ததில் மிஞ்சிய கடைசிப் பக்கெட் மிக்சர் இருந்தது. ஆற்றங்கரையில் பிரித்துச் சாப்பிட்டுப் படம் எடுக்கவென்று நாலு மாதம் காப்பாற்றி வைத்தது. கச்சானும் உறைப்புமாக ஒரு பிடி, பிறகு இன்னொரு பிடி. தொண்டருக்கும் கொடுத்தோம். உறைப்பில் அவருக்குக் கண் கலங்கியது, ஆனாலும் மெச்சினார். அரை மணித்தியாலம் நிழலில் இருத்தினார். அவளுக்கு முகத்தில் இரத்தம் வந்தது. அதன்பிறகு இருபது நிமிடம் நடை, ஐந்து நிமிடம் இருப்பு. அவள் முன்னால், நாங்கள் பின்னால். அவள் வைக்கிற அடிதான் எல்லோருக்கும் வேகம்.

அந்த ஐந்து நிமிடங்களில் நாங்கள் கதைக்காமல் நினைத்தது ஒன்றைத்தான். காலையில் எங்கள் விருப்பப்படி ஆற்றுக்குப் போயிருந்தால், இந்தத் தலையிடி இன்னும் எத்தனை கிலோமீற்றர் கீழே வந்திருக்கும்?

இருட்டி ஒரு மணித்தியாலம் கழித்து, ரெலிபோன் வெளிச்சத்தில் விளிம்புக்கு ஏறினோம். மேலே ஹோட்டல்களில் விளக்கு, சாப்பாட்டு மணம். குழாயைத் திறந்து முகம் கழுவினோம். அந்தத் தண்ணீர் வடக்கு விளிம்புப் பக்கத்து ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து குழாய்வழியே பள்ளத்தாக்கைக் கடந்து, நாங்கள் இருந்த அந்தத் தோட்டத்துக்கு வந்து, அங்கிருந்து பம்பு செய்யப்பட்டு மேலே வருகிறது என்று பிறகு வாசித்தோம். காலையில் அதே குழாயில் போத்தல் நிரப்பும்போது அது எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

ஊருக்கு வந்து இரண்டாம் நாள், நாங்கள் இரண்டு பேரும் மயிலிட்டிக்காரியின் வீட்டில் இருந்தோம். மயிலிட்டியில் இல்லை, இடம்பெயர்ந்து வந்து நிரந்தரமாகிப் போன வாடகை வீட்டில். "ஆத்தைத் தொட்டியளோ?" என்று அம்மா கேட்டார். இல்லையென்றோம். பாதியில் ஒரு தோட்டம் இருந்தது, அங்கே இருந்துவிட்டோம் என்று படங்களைக் காட்டினோம். அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெலிபோனைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். மலையையும் சுவரையும் தள்ளிக்கொண்டு போனவர், ஓடைப் படத்தில் நிறுத்தினார்.

"நல்ல தண்ணியோ பிள்ளை?"

நாங்கள் குடித்தது குழாய்த் தண்ணீர், ஆனால் அந்த ஊற்றை நம்பித்தான் அங்கே சனம் தோட்டம் செய்தது, பிறகு அவர்களை எழுப்பிவிட்டார்கள் என்றோம். அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தோட்டத்துக்கு ஆள் வந்திட்டுதோ?"

"இல்லை அம்மம்மா. பேரை மட்டும் திருப்பிக் குடுத்திருக்கினம்."

"ம்" என்றார். ரெலிபோனைத் திருப்பித் தந்துவிட்டு, தேத்தண்ணி வைக்க எழும்பிப் போனார்.